மேட்ச் நாளில் தொங்கிய சட்டை

இந்த ஜன்னல் ஓரத்தில் நான் உட்கார்ந்துகொள்ளட்டுமா அக்கா? பாப்பாவுக்குக் காற்று வராவிட்டால் சிணுங்க ஆரம்பிப்பாள், அப்புறம் பஸ்ஸே திரும்பிப் பார்க்கும். நாலு பேர் திரும்பிப் பார்த்தால் எனக்குக் கை கால் ஓடாது. நகர்ந்து கொடுத்தீர்களே, நன்றாக இருங்கள்.

போலீஸ் டி.சி. ஆபீஸ் ஸ்டாப்பிங் வர இன்னும் நேரம் இருக்கிறதல்லவா? கண்டக்டரைக் கேட்கலாம் என்றால் அந்த மூஞ்சியைப் பாருங்கள். பெண்களுக்கு இலவச டிக்கெட்டைக் கிழித்துக் கொடுப்பதற்குள் தன் வீட்டுப் பத்திரத்தையே கொடுக்கிற மாதிரி ஒரு முறைப்பு. அந்த ஆளிடம் யார் வாயைக் கொடுப்பது. நீங்கள் அதற்கு அப்புறம்தான் இறங்குவீர்களா? அப்படியென்றால் வந்ததும் எனக்குச் சொல்லுங்கள். மறக்காமல் சொல்லுங்கள்.

பதினொரு மணிக்குள் அங்கே போய் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஒரே ஒரு வார்த்தைதான், ‘இல்லை’ என்று. அதை நான் சொன்னால் ஒரு ஏட்டய்யாவுக்குப் போன வேலை திரும்பக் கிடைக்குமாம். சொல்லாவிட்டால் அவ்வளவுதானாம். எல்லாம் என் வாயில்தான் இருக்கிறதாம். என் வாயைப் பற்றி இவர்களுக்கு என்ன தெரியும். நான் பேசவே மாட்டேன் அக்கா. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் டீச்சர் பெயரைக் கேட்டால்கூட நோட்டுப் புத்தகத்தின் அட்டையைத்தான் தூக்கிக் காட்டுவேன். மேகலா, ஐந்தாம் வகுப்பு ஆ பிரிவு. அதோடு படிப்பும் நின்றது, பேச்சும் நின்றது.

உங்களிடம் எப்படியோ வருகிறது. நீங்கள் நடுவில் பேசாமல் கேட்கிறீர்கள், அதனால் இருக்கும்.

நாங்கள் இஸ்திரி வண்டி வைத்திருக்கிறோம். ஸ்டேடியத்துக்குப் பின்னால் கிடங்குத் தெரு, அதில் ஒரு அபார்ட்மெண்ட் சுவரை ஒட்டித் தூங்குமூஞ்சி மரம் ஒன்று நிற்கும், அதற்குக் கீழே. மாமனார் காலத்திலிருந்து பதினாறு வருடமாக அதே இடம். வண்டி என்று பெயர்தான், நகராது. நாலு சக்கரத்துக்கும் செங்கல் முட்டுக் கொடுத்து, அந்தச் செங்கலுக்கும் வேர் ஓடியிருந்தது. எங்களுக்கு அந்த இடம்தான் கடை. மரத்தடியில் வண்டி நின்றால்தான் நூறு வீட்டு மூட்டை வரும். பத்தடி தள்ளி நின்றால் எவரும் தேடிக்கொண்டு வர மாட்டார்கள். மேல்மாடிக்காரர்களுக்குப் பத்தடி நடப்பதென்றால் காசிக்குப் போகிற மாதிரி.

இந்தப் பந்தாட்டம் வந்துதான் எல்லாம் கெட்டது. அதைப் பற்றி என்னைக் கேட்காதீர்கள். ஒன்றரை மணி நேரம் மேலும் கீழும் ஓடிவிட்டு ஒன்றுமில்லாமல் முடிப்பார்கள். இரண்டு பக்கமும் பூஜ்யம். அதைப் பார்க்க ஊரே வரும். ஐப்பசியில் ஆரம்பித்தால் மாசி வரைக்கும் இந்தக் கூத்துதான். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை.

மேட்ச் என்றால் மத்தியானம் இரண்டு மணிக்கே தெருவின் இரண்டு முனையிலும் இரும்புத் தடுப்பு வந்துவிடும். தெருக்காரர்கள் வண்டி மட்டும்தான் உள்ளே வரலாம், அதற்கும் ஆதார் காட்ட வேண்டும். ரோட்டோரம் எவரும் கார் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் சக்கரத்துக்குப் பூட்டு, இல்லாவிட்டால் க்ரேன். கார் வைப்பதற்கென்று ஸ்டேடியத்துக்குள்ளேயே மைதானம் மாதிரி இடம் விட்டிருக்கிறார்கள். போனிலேயே முன்கூட்டி இருநூறு ரூபாய் கட்டிவிட்டு வர வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

கட்டுவார்கள் என்றா நினைக்கிறீர்கள்? வருகிற கார் வீடு மாதிரி இருக்கும். முதுகில் வேறு எவன் பெயரோ எழுதின பச்சைச் சட்டை, அந்தச் சட்டையே இரண்டாயிரமாம். கன்னத்தில் பெயிண்ட். குழந்தைக்கும் கன்னத்தில் பெயிண்ட். உள்ளே போனால் ஒரு பாக்கெட் பாப்கார்னுக்கு என்ன கேட்டாலும் கொடுப்பார்கள். ஆனால் இந்த இருநூறைக் கொடுக்க மனசு வராது. அதற்காக நாலு தெரு சுற்றி, பெட்ரோலைக் கொளுத்தி, தடுப்பில் நிற்கிற ஹோம்கார்டுப் பையனிடம் "மூணாவது மாடில எங்க சித்தப்பா வீடு" என்று பொய் சொல்லி உள்ளே வருவார்கள். பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொல்வார்கள். அந்தப் பிள்ளை என்ன கற்றுக்கொள்ளும். எனக்கெல்லாம் ஒரு பொய் சொன்னால் அன்றைக்குச் சோறு இறங்காது.

எங்கள் வீட்டுக்காரரைக் கேட்டால் அவர் அந்தப் பக்கம்தான் பேசுவார். முனிரத்தினம் என்று பெயர். பந்து என்று சொன்னாலே பல் எல்லாம் வெளியே வந்துவிடும். மேட்ச் அன்று ஸ்டேடியம் பார்க்கிங்கில் நிற்கத் தினக்கூலிக்கு ஆள் எடுப்பார்கள். ஆரஞ்சு கோட்டு, விசில், ஒரு பொட்டலம் பிரிஞ்சி சாதம். இஸ்திரிப் பெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவிடுவார். அவர் நிற்கிற இடத்திலிருந்து பந்து தெரியுமா என்றால் தெரியாது. சுவர்தான் தெரியும். சத்தத்தை வைத்தே, இது கோல், இது கோல் மாதிரி வந்து வெளியே போனது என்று கண்டுபிடிப்பாராம். வந்து அதைப் பெருமையாக வேறு சொல்வார். விசிலையும் கழற்ற மாட்டார். கழுத்திலேயே தொங்கும்.

அந்த ஏட்டய்யாவைச் சொல்லவில்லையே. ஏகாம்பரம் ஏட்டய்யா. டிராஃபிக்கில் இருக்கிறார், இருந்தார். பின் தெருவில் போலீஸ் குவார்ட்டர்ஸ், அவர் வீட்டுத் துணி எங்களுக்குத்தான் வரும். வெள்ளைச் சட்டை மூன்று, காக்கி பேண்ட் மூன்று, ஏட்டம்மா புடவை, பையன் யூனிபார்ம். இந்த வருடம் முதல் மேட்சுக்கு முந்தின நாள் வந்து வண்டி பக்கத்தில் நின்றார்.

"நாளைக்கு நடைபாதைல எதுவும் நிக்கக் கூடாதுன்னு ஆர்டர் மேகலா. ரெண்டு மணிக்கு மேல நெருப்ப அணைச்சிட்டு, தார்ப்பாயப் போட்டு மூடிரு. நான் பாக்கல."

பார்க்கவில்லையாம். என்ன பெரிய உபகாரம் பாருங்கள். பதினாறு வருடமாக நிற்கிற வண்டியைப் பார்க்காமல் இருப்பதற்கு இவர் எதற்கு. நான் தலையை ஆட்டினேன். எவர் என்ன சொன்னாலும் நான் தலையைத்தான் ஆட்டுவேன், அதுதான் மரியாதை. தார்ப்பாயைப் போட்டு மூடிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

காலையில் வந்து பார்த்தால் வண்டி கால்வாய் ஓரத்தில் சாய்ந்து கிடக்கிறது. ஒரு சக்கரம் கழன்று தனியாக. மரத்தடியில் கார் நின்ற எண்ணெய்க் கறை. எல்லாம் அந்த அபார்ட்மெண்ட் வாட்ச்மேன் கன்னியப்பன் வேலை. எவனோ ஒரு பச்சைச் சட்டை நூறு ரூபாய் கொடுத்திருக்கிறான், நாலு பேரை வைத்து வண்டியைத் தள்ளிவிட்டு அந்த இடத்தை விற்றுவிட்டார். பல் விளக்கிக்கொண்டே என்னிடம் வந்து நின்றார்.

"இன்னாமா பாக்குற? இது அபார்ட்மெண்ட் இடம். செகரட்ரி சாரே சொல்லிட்டாரு, இனிமே விசிட்டர் காரு நிக்கட்டும்னு. இன்னும் ரெண்டு மேட்ச்சு போவட்டும், போர்டே மாட்டப் போறோம்."

ரோட்டை விற்கிறார் அக்கா. அவர் அப்பன் வீட்டு ரோடு மாதிரி. கையில் ஒரு கழியும் தலையில் ஒரு தொப்பியும் இருந்தால் மனிதன் எதையும் விற்றுவிடுவான் போலிருக்கிறது. நூறு ரூபாய்க்கு. சீ, இதெல்லாம் ஒரு பிழைப்பா. எனக்கு அப்படியே திட்டித் தீர்க்கலாம் போலிருந்தது. என்ன செய்வது, வாய் வரவில்லை. பாப்பாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பிவிட்டேன்.

வண்டியை மறுபடி மரத்தடிக்கே இழுத்துக் கொண்டுவந்து முட்டுக் கொடுத்தோம். சரி, அடுத்த மேட்சுக்கு வண்டி பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொள்வோம் என்று பாப்பாவோடு உட்கார்ந்தேன். வந்தான் ஒருத்தன். கண்ணாடியை இறக்கி, "அக்கா, ரெண்டே மணி நேரம், தோ போய்ட்டு வந்துர்றேன்" என்றான். கூடாது என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதானே. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவன் சரி என்றதாக எடுத்துக்கொண்டு வண்டி மேல் இடிக்கிற மாதிரி கொண்டுவந்து நிறுத்திவிட்டான். அவனுக்குப் பின்னால் இன்னொருத்தன். இருட்டுகிற வரைக்கும் நானும் பாப்பாவும் இரண்டு காருக்கு நடுவில் புகையைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கன்னியப்பன் கேட்டுக்குள்ளிருந்து சிரிக்கிறார்.

இடம் போகப் போகிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

இது எந்த சிக்னல் அக்கா? இன்னும் இருக்கிறதா. சரி.

மூன்றாவது மேட்ச் அன்று நடந்ததுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். நான் எதுவும் செய்யவில்லை, தானாக நடந்தது. ஏட்டய்யாவின் வெள்ளைச் சட்டைக்குக் கஞ்சி போட்டு இஸ்திரி செய்து, மடித்தால் கசங்கும் என்று ஹேங்கரில் போட்டு வண்டிக் கூரைக் கம்பியில் மாட்டியிருந்தேன். கொண்டுபோய்க் கொடுக்க நேரமில்லை. ஒரு கார் இண்டிகேட்டர் போட்டுக்கொண்டு மரத்தடிக்கு மூக்கை நுழைத்தது. உள்ளே இருந்தவன் தலையைத் தூக்கினான். சட்டையைப் பார்த்தான். தோளில் பட்டை, கையில் மூன்று கோடு. அவ்வளவுதான், ரிவர்ஸ் எடுத்தான் பாருங்கள், வந்த வேகத்தைவிட இரண்டு மடங்கு. பின்னால் வந்தவனும் பார்த்தான். அவனும் போய்விட்டான்.

உள்ளே ஆள் இல்லாத சட்டை அக்கா. இவ்வளவு பெரிய கார் வைத்திருக்கிறவன் ஒரு ஹேங்கருக்குப் பயப்படுகிறான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன்.

அதிலிருந்து மேட்ச் வந்தால் சட்டை தொங்கும். அவருக்கு மேட்ச் அன்று டூட்டி மெயின் ரோடு முனையில், எங்கள் தெருவுக்குள் வரவே மாட்டார். மூன்று சட்டை கொடுத்தால் இரண்டைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு ஒன்றை நிறுத்திக்கொள்வேன். "ஒண்ணு குறையுதே மேகலா" என்பார். நான் சிரிப்பேன். "சரி, காயலையா, மெதுவா குடு" என்று அவரே சொல்லிக்கொள்வார். நான் காயவில்லை என்று சொன்னேனா? இல்லையே. அவராக நினைத்துக்கொண்டால் நான் என்ன செய்வது.

ஒரு தடவை சட்டைப் பையில் கை விட்டபோது அவர் பெயர்ப்பட்டை கிடைத்தது. எடுக்க மறந்திருக்கிறார். கறுப்புப் பட்டையில் வெள்ளை எழுத்து. நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன். சி. ஏகாம்பரம். ஒரு எழுத்துகூடத் தப்பு இல்லாமல். அதைச் சும்மா பைக்குள்ளேயே போட்டு வைப்பானேன் என்று நெஞ்சில் குத்திவிட்டேன். குத்தினபிறகு சட்டைக்கு ஒரு களை வந்தது. ஆள் நிற்கிற மாதிரியே இருந்தது. பாப்பாகூட அதைப் பார்த்து மாமா என்றாள்.

ஏன் அக்கா அப்படிப் பார்க்கிறீர்கள். அழகுக்குத்தான் குத்தினேன்.

அப்புறம் கேரளா டீம் வந்த மேட்ச். அன்றைக்குக் கூட்டமென்றால் அப்படி ஒரு கூட்டம். ஸ்டேடியம் பார்க்கிங் நிரம்பிவிட்டது, எங்கள் வீட்டுக்காரர் விசிலை ஊதி ஊதி வாய் வீங்கி வந்தார். ஒரு பெரிய கார் எங்கள் மரத்தடிக்கு எதிரே நின்றது. இறங்கின ஆள் நாற்பது வயது இருப்பான். சட்டையைப் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான், இந்தப் பக்கம் பார்த்தான். என்னிடம் வந்து மெதுவாக, "சார் எங்கம்மா, டீ குடிக்கவா?" என்றான். நான் தலையைக் குனிந்தேன். "புரியுது, புரியுது" என்றான். என்ன புரிந்ததோ. மடித்த நோட்டை எடுத்து அந்தச் சட்டைப் பைக்குள் வைத்து, பையை ஒரு தட்டுத் தட்டி, "சார்ட்ட சொல்லிருங்க, வெள்ளை கார், எதிர்ல நிக்குது" என்று சொல்லிவிட்டு மேட்சுக்கு ஓடினான்.

சட்டைக்கு லஞ்சம் கொடுக்கிறான். என் வாழ்நாளில் இப்படி ஒரு பைத்தியத்தைப் பார்த்ததில்லை. இருநூறு ரூபாய் வைத்திருந்தான் அக்கா. உள்ளே கட்ட வேண்டிய அதே இருநூறு. நியாயமாகக் கட்டச் சொன்னால் வலிக்கிறது, திருட்டுத்தனமாக என்றால் இனிக்கிறது. அவனைப் பார்த்து இன்னொருத்தன். அவனைப் பார்த்து இன்னொருத்தன். வருகிறவன் எல்லாம் கோயிலில் உண்டியலில் போடுகிற மாதிரி பயபக்தியோடு பையில் வைத்துவிட்டுப் போகிறான். நான் வாயே திறக்கவில்லை. கை நீட்டினேனா? நீட்டவில்லை. கன்னியப்பன் மாதிரி ‘இங்க வா, அங்க நில்லு’ என்று கூவினேனா? கூவவில்லை. அவர் விற்றார். எனக்கு அவர்களாக வைத்தார்கள். இரண்டும் ஒன்றா?

அந்தக் காசை ஏட்டய்யாவிடம் கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன், சத்தியமாக. ஆனால் அவரிடம் எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது. ‘உங்கள் சட்டைக்கு வந்தது’ என்றா? சங்கடமாக இருந்தது. வண்டிச் சக்கரத்தைப் பற்றவைத்தோம். பாப்பாவுக்குச் சளி மருந்து. அப்புறம் அடுத்தடுத்த மேட்சில் வந்தது என்னென்னவோ ஆகிவிட்டது. எங்கள் வீட்டுக்காரர் கேட்டதற்கு, தலையை ஆட்டினேன். துணி நிறைய வந்தது என்று நினைத்துக்கொண்டார். அவருக்கு ஸ்கோரைத் தவிர எந்தக் கணக்கு தெரியும்.

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எவனோ ஒரு சின்னப் பயல், பக்கத்துத் தெருவில் அவன் காருக்குப் பூட்டு மாட்டிவிட்டார்களாம், அபராதமாம், அந்தக் கடுப்பில் போனைத் தூக்கிக்கொண்டு நடந்து வந்திருக்கிறான். எங்கள் மரத்தடியில் ஒருத்தன் சட்டைப் பையில் நோட்டு வைப்பதை அப்படியே படம் பிடித்துவிட்டான். கை தெரிகிறது, நோட்டு தெரிகிறது, நெஞ்சில் பெயர் கொட்டை எழுத்தில் தெரிகிறது. ஓரத்தில் என் முழங்கையும் பாப்பா காலும்.

அடுத்த நாள் கன்னியப்பன்தான் போனைக் கொண்டுவந்து என் முகத்துக்கு நேரே பிடித்தார். "ஏம்மா, நான் நூறு வாங்கினா தப்பு, நீ எரநூறு வாங்கலாமா? அதுவும் போலீஸ் சட்டைய வெச்சே. எனக்குக்கூட இந்த மூள வரல." லட்சம் பேர் பார்த்துவிட்டார்களாம். இரண்டு பேருக்கும் வித்தியாசம் தெரியாத ஆளிடம் நான் என்ன பேசுவது. இஸ்திரிப் பெட்டியில் கரியைக் கிளறினேன்.

அன்று மாலையே ஒரு இன்ஸ்பெக்டர் ஜீப்பில் வந்தார். கூட எழுதுவதற்கு ஒருத்தர். தெருவே கூடிவிட்டது. எனக்கு எப்படி இருந்திருக்கும் யோசித்துப் பாருங்கள். பாப்பா வேறு முந்தானையை இழுக்கிறாள்.

"இது ஏகாம்பரம் சட்டைதானே?"

தலையை ஆட்டினேன். அது உண்மைதானே.

"அவருதானே இங்க மாட்டச் சொன்னாரு?"

தலையை ஆட்டினேன்.

"காசு அவருக்குத்தான் போவுது. அப்படித்தானே?"

ஆட்டினேன் அக்கா.

அது ‘ஆமாம்’ என்று ஆட்டினது இல்லை. எப்படிச் சொல்வேன். பெரியவர்கள் எதிரில் நின்று பேசினால் நான் ஆட்டுகிற ஆட்டல் அது. கேட்கிறேன் என்று அர்த்தம். சீக்கிரம் போய்விடுங்கள் என்று அர்த்தம். அதைப் போய் ‘ஆமாம்’ என்று எழுதிக்கொண்டால் அது அவர்கள் தப்புதானே? அவ்வளவு படித்த மனிதருக்கு ஒரு பொம்பளை வெட்கத்தில் தலையாட்டுவது தெரியாதா? தாளை நீட்டி, "படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடும்மா" என்றார் எழுதினவர். பொடிப்பொடியான எழுத்து. எனக்கு எங்கே புரியும். புரியவில்லை என்று அத்தனை பேர் எதிரில் சொல்ல முடியுமா, கண்ணை மேலிருந்து கீழே ஓட்டிவிட்டு மே-க-லா என்று முழுசாக எழுதினேன். கைநாட்டு வைக்கவில்லை. எழுதினவரே, "கையெழுத்து நல்லாருக்கே" என்றார்.

ஏட்டய்யாவை மறுநாளே சஸ்பெண்ட் பண்ணிவிட்டார்கள்.

அவர் இடத்துக்கு ஒருத்தன் வந்திருக்கிறான், சின்ன வயது, கறுப்புக் கண்ணாடி. வந்த முதல் வேலையாகக் கடைசி மேட்ச் அன்று க்ரேனைக் கொண்டுவந்து எங்கள் வண்டியை, பதினாறு வருடமாக அங்கேயே நின்ற வண்டியை, காரைத் தூக்குகிற மாதிரி தூக்கித் தெருக்கோடியில் குப்பைத் தொட்டி பக்கத்தில் வைத்துவிட்டான். "ஆர்டர்" என்றான். ‘நான் பார்க்கவில்லை’ என்று சொல்லத் தெரியாத ஆள். மரத்தில் இப்போது போர்டு தொங்குகிறது. விசிட்டர்ஸ் பார்க்கிங். ஆணி அடித்தது கன்னியப்பன்தான்.

மூட்டை பாதியாகக் குறைந்துவிட்டது. ஏட்டம்மா மட்டும் குப்பைத் தொட்டி வரைக்கும் நடந்து வருகிறார். வந்து மூட்டையை வைக்கிறார். நானாக இருந்தால் வேறு வண்டிக்குப் போட்டுவிட்டு, காறித் துப்பிவிட்டுப் போயிருப்பேன். போன வாரம் மூட்டையைப் பிரித்தால் புடவை, பையன் யூனிபார்ம், ஒரு லுங்கி. அவ்வளவுதான்.

"வெள்ள இல்ல மேகலா, இந்த வாரமும்," என்றார். "ஆறு வாரம் ஆச்சு. வீட்ல ஒக்காந்து சுவரப் பாத்துக்கினு இருக்காரு. வர்ற செவ்வாக்கெழம பதினோரு மணிக்கு விசாரண. உன்ன கூப்புடச் சொல்லி அவரு சொல்லல. கூப்புடாத, பாவம் பயந்த பொண்ணுன்னாரு. நானாத்தான் வந்தேன்."

நான் தலையை ஆட்டினேன்.

"தலைய ஆட்டாத," என்றார். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. "வாயால சொல்லு. வர்றியா, வரலியா?"

எனக்கு அப்படியே முகம் சுண்டிவிட்டது. இப்படியா ஒருத்தரை நிறுத்தி வைத்துக் கேட்பது. போலீஸ்காரர் பெண்டாட்டி இல்லையா, அந்த அதிகாரம் போகுமா. அவர் போன பிறகுதான் ‘வர்றேன்’ என்று சொன்னேன். துணி மூட்டைக்குக் கேட்டிருக்கும்.

எங்கள் வீட்டுக்காரர் வருகிறேன் என்றார். காலையில் சட்டையெல்லாம் போட்டுக்கொண்டு நின்றார். நீ வாயத் தொறக்கலேன்னா நான் சொல்றேன் என்றார். இவர் போய் என்ன சொல்வார். கையெழுத்து என்னுடையது. அதனால் நீங்கள் வண்டியைப் பாருங்கள் என்று விட்டுவிட்டு வந்தேன். இவர் கூட வந்தால், காசு எவ்வளவு வந்தது, எங்கே போனது என்று அங்கே கேட்பார்கள். இவருக்கும் அப்போதுதான் தெரியும். அதெல்லாம் எதற்கு.

காலையிலிருந்து பாப்பாவிடம் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். ‘ஐயா, ஏட்டய்யாவுக்கு ஒன்றும் தெரியாது. சட்டையை மாட்டினது நான். காசை எடுத்தது நான்.’ மூன்றே மூன்று. பாப்பாவிடம் வருகிறது. இப்போது உங்களிடம் எவ்வளவு சரளமாக வந்தது பார்த்தீர்களா. ஆனால் அங்கே மேஜை இருக்கும், ஃபேன் ஓடும், தொப்பியைக் கழற்றி வைத்திருப்பார்கள். ஏட்டய்யாவும் உட்கார்ந்திருப்பார், சாதாரணச் சட்டையில். அவரை நான் சாதாரணச் சட்டையில் பார்த்ததே இல்லை.

ஒன்று கேட்கிறேன் அக்கா. அவருக்கு வாய் இல்லையா? இருபது வருட சர்வீஸ். ‘நான் செய்யவில்லை, அவளைக் கேளுங்கள்’ என்று அவரே ஓங்கிச் சொல்ல வேண்டியதுதானே. பயந்த பெண் என்று என்னைச் சொல்லிவிட்டு அவர் வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தால் ஆயிற்றா. வாயைத் திறக்காத ஆட்களைக் கண்டாலே எனக்கு...

என்ன? இதுதானா?

இந்த மஞ்சள் கட்டடமா. ஓ. பரவாயில்லை அக்கா, கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார். பஸ் நகர்ந்துவிட்டது. ஓடுகிற பஸ்ஸில் நான் எப்படி நிறுத்தச் சொல்வது, பாப்பா வேறு தூங்குகிறாள். அடுத்த ஸ்டாப்பில் இறங்கி, வெயில் தாழ்ந்ததும் மெல்ல நடந்து...

ஐயோ, ஏன் அக்கா கத்தினீர்கள். பஸ்ஸே திரும்பிப் பார்க்கிறது.

நின்றுவிட்டது பாருங்கள். அந்த ஆள் முறைக்கிறார். இறங்குகிறேன், இறங்குகிறேன். பையை மட்டும் கொஞ்சம் எடுத்துக் கொடுங்கள். உங்களுக்கு எவ்வளவு அழகாகக் குரல் வருகிறது. ஒரே சத்தம், இவ்வளவு பெரிய பஸ் நிற்கிறது.

அக்கா, நீங்களும் இறங்குங்களேன். பத்தே நிமிஷம்தான் ஆகும், பின்னால் வேறு பஸ் வரும். முதலிலிருந்து கடைசி வரைக்கும் இப்போது உங்களுக்குத் தெரியும் இல்லையா, என்னைவிட நீங்கள் நன்றாகச் சொல்வீர்கள். நீங்களே சொல்லிவிடுங்கள்.

நான் பக்கத்தில் நின்று தலையாட்டுகிறேன்.